ஸ்காட்லாந்தின் கில்ட்டைக் கையாலேயே தைப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆண்கள் உடுத்திய பெரிய கம்பளித் துணியில் தையலே கிடையாது. ஒவ்வொரு முறையும் அதைக் கையால் மடித்து, இடையில் ஒரு வாரால் இறுக்கிக் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் இடைக்குக் கீழுள்ள பகுதி மட்டும் கில்ட் என்ற தனி உடையாகப் பிரிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்து வைக்கும் முறையும் வந்துவிட்டது. இன்று நாம் காணும் கில்ட்டின் அழகெல்லாம் அந்தத் தையலில்தான் இருக்கிறது. பின்புறத்தில் இருபதுக்கு மேற்பட்ட மடிப்புகள், பிட்டத்தில் ஓர் அகலமும் இடையில் அதைவிடச் சிறிய அகலமுமாக, கட்டங்கள் ஒன்றோடொன்று இம்மியும் விலகாமல் அமைய வேண்டும். இதை இயந்திரத்தில் செய்ய முயல்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தையலிலும் துணியை ஒரு நூலளவு முன்னும் பின்னும் நகர்த்திக் கட்டத்தைச் சேர்க்கக் கை ஊசியால்தான் முடியும் என்பதால், மரபுவழி கில்ட் தைப்பவர்கள் இன்றும் கையை விடவில்லை.

இங்கே சொல்லப்படுவது ஆண்கள் அணியும் எட்டு கஜ கில்ட். தையலில் அடிப்படைப் பழக்கமும் நல்ல வெளிச்சமும் அவசரமில்லாத மனமும் உள்ள எவரும் இதை வீட்டில் தைத்து முடிக்கலாம்.

துணி

கில்ட்டுக்குரிய துணி, இறுக்கமாக முறுக்கிய கம்பளி நூலால், சாய்கோடுகள் தெரியும் ட்வில் நெசவில் நெய்யப்பட்ட டார்ட்டன் என்ற பலநிறக் கட்டத் துணி. இதன் கனத்தை இரட்டை அகலத் துணியின் ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 11 அவுன்ஸ் துணி மெல்லியது; மடிப்பு விரைவில் குலைந்துவிடும். 13 அவுன்ஸ் பரவலாகப் பயன்படுவது. முதன்முறை தைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது 16 அவுன்ஸ். கையில் கனமாகத் தெரிந்தாலும், இஸ்திரி போட்ட மடிப்பை அது விடாமல் பிடித்துக்கொள்ளும், தைக்கும்போது வழுக்காது, நடக்கும்போது தன் எடையாலேயே மடிப்புகளை மீண்டும் இருந்த இடத்துக்குக் கொண்டுவரும். இரட்டை அகலத்தில் நான்கு கஜம் வாங்கினால் துணியின் எடை மட்டும் 64 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோ.

இரட்டை அகலம் என்பது 54 முதல் 60 அங்குலம் வரை இருக்கும். அதை நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு துண்டுகளையும் முனையோடு முனை சேர்த்தால் எட்டு கஜம், அதாவது 288 அங்குலம் கிடைக்கும். கில்ட்டின் கீழ்விளிம்பில் மடித்துத் தைக்கும் வழக்கம் இல்லை. நெய்த கரையே கீழ்விளிம்பாக நிற்கும். எனவே வாங்கும்போதே கரை சுத்தமாகவும் நேராகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். செல்கிர்க்கில் உள்ள லோகாரன் போன்ற ஸ்காட்லாந்து ஆலைகள் கில்ட்டுக்கென்றே கரை அமைத்துத் துணி நெய்கின்றன.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நடுவே வெட்டிய இரண்டு துண்டுகளிலும் கரை கீழே வர வேண்டுமானால், ஒரு துண்டை அரைவட்டம் திருப்பித்தான் இணைக்க முடியும். டார்ட்டனின் கோலம் இருபுறமும் ஒரே மாதிரியாக, நடுக்கோட்டிலிருந்து திரும்பி வருவதாக இருந்தால் இதில் சிக்கல் இல்லை; ட்வில்லின் சாய்கோடும் மாறாது. திரும்பி வராமல் ஒரே திசையில் ஓடும் கோலமாக இருந்தாலோ, திருப்பிய துண்டில் நிறங்களின் வரிசை தலைகீழாகிவிடும். அத்தகைய டார்ட்டனுக்கு ஒற்றை அகலத்தில் எட்டு கஜமும் தொடர்ச்சியாக நெய்த துணியையே கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கோலம் எந்த வகை என்பதில் ஐயம் இருந்தால், ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேட்டில் நிறங்களின் வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாகி 2009இல் தொடங்கிய அந்தப் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

துணியைத் தவிர, துணியின் பின்னணி நிறத்துக்கு ஒத்த உறுதியான நூல், தற்காலிகத் தையலுக்கு வெள்ளைப் பருத்தி நூல், குட்டையான மெல்லிய ஊசிகள், விரலுறை, தேன்மெழுகு, தையற்சாக், குண்டூசிகள், உட்புறத்துக்குக் கேன்வாஸ், பருத்தி லைனிங் துணி, 1¼ அங்குல அகலத் தோல் வார்களும் பக்கிள்களும் மூன்று ஜோடி ஆகியவை தேவைப்படும்.

அளவுகள்

கில்ட் இன்றைய கால்சட்டைபோல இடுப்பெலும்பில் தொங்குவதில்லை. தொப்புளின் மட்டத்தில் உள்ள இயல்பான இடையில் வார் இறுகும். அதற்கு மேலும் ஏறத்தாழ 2 அங்குலம் துணி ஏறி நிற்கும். எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு: வார் இறுகும் இடத்தில் இடையின் சுற்றளவு, பிட்டத்தின் மிக அகன்ற பகுதியின் சுற்றளவு, இந்த இரண்டுக்கும் இடையே உள்ள உயரம், இடையிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரையான நீளம். உடுத்துபவர் நிமிர்ந்து நேராகப் பார்த்து நிற்கும்போது இன்னொருவர் அளவெடுக்க வேண்டும். குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாலே நீளம் ஓரங்குலம் மாறிவிடும்.

இடைக்கும் பிட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் பெரும்பாலும் கீழ்நோக்கிய நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். மடிப்புகள் தைக்கப்படுவது அந்தப் பகுதியில் மட்டுமே. அதற்குக் கீழே அவை தையலின்றி இஸ்திரி மடிப்பாக விழும்.

இடை 34 அங்குலம், பிட்டம் 40 அங்குலம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுற்றளவில் பாதியை முன்புற ஏப்ரனுக்கும் (மடிப்பில்லாமல் தட்டையாக நிற்கும் முன்பகுதி; மேல், உள் என ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும்) மறுபாதியைப் பின்புற மடிப்புகளுக்கும் கொடுத்தால், இடையில் தலா 17 அங்குலமும் பிட்டத்தில் தலா 20 அங்குலமும் வரும். வயிறு சற்று முன்தள்ளியிருப்பவருக்கு இடையில் முன்புறப் பங்கைக் கொஞ்சம் கூட்டி, பின்புறப் பங்கை அதே அளவு குறைப்பது நல்லது; இல்லாவிட்டால் பக்க விளிம்புகள் முன்னோக்கி இழுபடும்.

செட்டைக் கணக்கிடுதல்

டார்ட்டனின் கோலம் ஒரு முறை முழுதாக வந்து மீண்டும் தொடங்கும் வரையான நீளம்தான் செட். பெரும்பாலான கில்ட் துணிகளில் இது 5 முதல் 8 அங்குலம் வரை இருக்கும். மடிக்கத் தொடங்கும் முன் இரண்டு வழிகளில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்.

முதல் வழி, கோலத்துக்கு மடிப்பது. எல்லா மடிப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, மடிக்காத துணியின் கோலமே பின்புறத்தில் மீண்டும் தெரிய வேண்டும். இதற்கு ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு முழு செட் உள்ளே மறைந்து, வெளியே தெரியும் பட்டை முந்தைய மடிப்பு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இரண்டாவது வழி, கோட்டுக்கு மடிப்பது. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே நிறக்கோடு வருமாறு, செட்டுக்கு ஒரு மடிப்பாக எடுப்பது. இது ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளின் மரபு. கார்டன் ஹைலேண்டர்ஸ் படையினர் தங்கள் டார்ட்டனின் மஞ்சள் கோடு ஒவ்வொரு மடிப்பிலும் தெரியுமாறு அணிந்தார்கள். நடக்கும்போது மடிப்புகள் விரிந்து உள்ளேயிருக்கும் நிறங்கள் தெறித்து மறைவதைக் காண இரண்டாவது வழியே சிறந்தது. ஆனால் நேர்த்தி சற்றே பிசகினாலும் அது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

நம் கணக்கில் பிட்டத்தில் 20 அங்குலத்தை 25 மடிப்புகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 0.8 அங்குலம் தெரியும். இடையில் 17 அங்குலத்தை அதே 25ஆல் வகுத்தால் 0.68 அங்குலம். ஆக ஒவ்வொரு மடிப்பும் பிட்டத்திலிருந்து இடைவரை ஏறத்தாழ ⅛ அங்குலம் ஒடுங்க வேண்டும். செட் 7 அங்குலம் என்றால், கோலத்துக்கு மடிக்க ஒரு மடிப்புக்கு 7.8 அங்குலமாக 195 அங்குலத் துணியும், கோட்டுக்கு மடிக்க ஒரு மடிப்புக்கு 7 அங்குலமாக 175 அங்குலத் துணியும் செலவாகும். மீதமுள்ளது இரண்டு ஏப்ரன்களுக்கும், அவற்றின் ஓர மடிப்புகளுக்கும், இணைப்பில் கோலத்தைப் பொருத்துவதற்கும் தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, துணியிலேயே ஓர் ஓரத்தில் நான்கைந்து மடிப்புகளைக் குண்டூசி குத்தி மடித்துப் பார்த்துவிட்டே மேலே போக வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் 1/32 அங்குலம் தவறினால் 25 மடிப்புகளின் முடிவில் அது முக்கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். கில்ட் உடலுக்குப் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஏப்ரன்

துணியின் நல்ல பக்கம் மேலே தெரியுமாறும், கரை உங்கள் பக்கமும் இடை அப்புறமும் இருக்குமாறும் விரித்துப் போடுங்கள். இடமிருந்து வலமாக மேல் ஏப்ரன், மடிப்புகள், உள் ஏப்ரன் என்ற வரிசையில் வேலை நகரும். உடுத்தும்போது உள் ஏப்ரன் முதலில் முன்புறத்தைச் சுற்றி உடுத்துபவரின் இடப்புறம் போகும். மேல் ஏப்ரன் அதன்மேல் வந்து வலப்பக்க இடுப்பில் முடியும்.

மேல் ஏப்ரனின் நடுவில் டார்ட்டனின் முக்கியமான கோடு ஒன்று சரியாக உட்கார வேண்டும். அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் இருபுறமும் இடையில் எட்டரை அங்குலமும் பிட்டத்தில் பத்து அங்குலமும் அளந்து சாக்கால் குறியுங்கள். பிட்டத்துக்குக் கீழே விளிம்புகள் கரைவரை மெல்ல அகன்று செல்ல வேண்டும். நேராக விட்டால் உட்காரும்போது உள் ஏப்ரன் வெளியே தெரியும். குறித்த வளைவில் ஓரத்தை உள்ளே மடிக்கும்போது, மடிந்த பகுதியில் துணி சற்று மிஞ்சிச் சுருங்கும். ஈரத்துணி வைத்து நீராவியில் அழுத்தினால் கம்பளி அந்த மிகையைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும்.

இடது ஓரம் குஞ்சத்துக்கானது. அந்த ஓரத்தில் செங்குத்தாக ஓடும் ஊடை நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால் பாவு நூல்கள் குஞ்சமாக நிற்கும். அதன் பின்னால் இன்னொரு குஞ்சத் துண்டை வைத்துத் தைத்தால் நிறைவாகத் தெரியும். வலது ஓரத்தில், மடிப்புகள் தொடங்கும் இடத்தில், வழக்கமான மடிப்பைவிட ஆழமான ஒரு மடிப்பை ஏப்ரனுக்கு அடியில் விட வேண்டும். நடக்கும்போது கால் எட்டி வைக்க இடம் தருவது அதுவே.

மடிப்புகளைத் தைத்தல்

கில்ட்டின் முக்கால் பங்கு வேலை இதுதான். ஏப்ரனின் வலது விளிம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ, மடிப்புகளின் விளிம்புகளும் அதே பக்கம் பார்க்க வேண்டும். ஒரு மடிப்பை மடித்து, தைத்து முடித்து, அளந்து பார்த்த பிறகே அடுத்ததை மடிக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே குண்டூசி குத்தி வைத்துக்கொண்டு தைக்கத் தொடங்கினால், தைக்கத் தைக்கத் துணி நகர்ந்து பின்னால் உள்ள குறிகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

பிட்டக் கோட்டில் 0.8 அங்குலத்தையும் இடைக் கோட்டில் 0.68 அங்குலத்தையும் சாக்கால் குறித்து, இரண்டையும் மென்மையான கோட்டால் இணையுங்கள். ஒடுக்கத்தை ஒரு பக்கத்திலேயே எடுத்தால் மடிப்பின் நடுக்கோடு சாய்ந்துவிடும். எனவே பாதி ஒடுக்கம் மடிந்த விளிம்பிலும், மறுபாதி முந்தைய மடிப்பு மேலேறி மூடும் பக்கத்திலும் வர வேண்டும். கோட்டுக்கு மடிப்பவர்கள் இதை எந்த மடிப்பிலும் தளர்த்தவே கூடாது. இடைக் கோட்டுக்கு மேலுள்ள 2 அங்குலத்தில் மடிப்பை மேலும் ஒடுக்காமல், இம்மியளவு அகல விடுங்கள். உடல் அங்கே மேல்நோக்கி விரிவதால், ஒடுக்கினால் விளிம்பு விலாவில் அழுத்தும்.

அடுத்து, கிடைக்கோடுகளைப் பொருத்துங்கள். மடித்த விளிம்பிலுள்ள ஒவ்வொரு கிடைக்கோடும் அடியிலுள்ள துணியின் அதே கோட்டோடு நேர்க்கோட்டில் சேரும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். பிட்டத்திலிருந்து இடைவரை இப்படி ஐந்தாறு குண்டூசிகள் தேவைப்படலாம். கரையும் கீழே ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பிலும் பார்க்க வேண்டும். கரையையும் கோட்டையும் ஒருசேரப் பொருத்த முடியாமல் போனால் கோட்டையே நம்புங்கள். நெசவில் கரை சில இடங்களில் சற்று இழுபட்டிருப்பது உண்டு, கோடு பொய் சொல்லாது.

நூலை மெழுகில் இழுத்து, முடிச்சை உள்ளே மறைத்து, பிட்டக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரே இடத்தில் மூன்று நான்கு தையல்களைப் போட்டு உறுதியாக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடிப்பைப் பிரிக்கும் விசை முழுதும் அந்தப் புள்ளியில்தான் விழுகிறது. பிறகு நல்ல பக்கத்திலிருந்தே, மடிப்பு விளிம்பின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசியால் எடுத்து, நேர் எதிரே அடித்துணியில் அதே அளவு எடுத்து, நூலை இழுத்து மேலே நகருங்கள். தையல் தெரியாத அளவுக்கு இறுக வேண்டும், துணி சுருங்கும் அளவுக்கு இறுகக் கூடாது. ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையலுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அடியிலுள்ள மற்ற மடிப்புகளை ஊசி பிடித்துவிடாமல் இடது கையை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்பச்சை நிறப் பின்னணியில் அகலமான வெள்ளைக் கட்டம் குறுக்கிட்டால் அங்கே வெள்ளை நூலுக்கு மாற வேண்டும். இந்தச் சிரமத்தைத் தவிர்த்தவரின் கில்ட்டில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

ஐந்து மடிப்புகள் முடிந்ததும் நிறுத்தி அளந்து பாருங்கள். நம் கணக்கின்படி பிட்டத்தில் 4 அங்குலமும் இடையில் 3.4 அங்குலமும் இருக்க வேண்டும். சற்றுக் கூடியிருந்தால் அடுத்த ஐந்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யலாம். ஒரே மடிப்பில் ஈடுகட்டினால் அந்த ஒரு மடிப்பு தனியாகத் தெரியும். இரண்டு துண்டுகளின் இணைப்பு வரும் இடத்தில், அந்த இணைப்பு ஒரு மடிப்பின் உள்விளிம்பில் மறையுமாறு முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். கடைசி மடிப்புக்குப் பின், உள் ஏப்ரன் தொடங்கும் இடத்தில் எதிர்த்திசையில் ஒரு மடிப்பு எடுத்து, இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று பார்க்குமாறு முடிக்க வேண்டும். உள் ஏப்ரனை மேல் ஏப்ரனின் அளவிலேயே வெட்டினால் போதும். அதற்குக் குஞ்சம் தேவையில்லை.

எல்லாம் தைத்த பின், பிட்டக் கோட்டுக்குக் கீழே மடிப்புகளை நேராகப் படியவைத்து, இரண்டு மூன்று வரிசைகளில் வெள்ளை நூலால் தற்காலிகமாகத் தைத்துவிடுங்கள். கடைசி இஸ்திரி வரை இந்தத் தையல் இருக்க வேண்டும்.

வெளியே தெரியாத பகுதி

முதன்முறை தைப்பவர்கள் அலட்சியப்படுத்துவது இந்தக் கட்டத்தை. மடிப்பின் எடை முழுதும் இப்போது மேலுள்ள மெல்லிய தையல்களில்தான் தொங்குகிறது. துணியைத் திருப்பிப் போட்டு, பிட்டக் கோட்டுக்குச் சற்று மேலே, மடிப்புகளின் உள்பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் குறுக்காக ஓர் உறுதியான பின்தையல் வரிசை போடுங்கள். நூல் முன்புறத்தில் தெரியக் கூடாது. ஸ்காட்லாந்துத் தையற்காரர்கள் ஸ்டீக் என்று சொல்லும் இந்த வரிசைதான் எடையை ஏற்றுக்கொள்கிறது. இது இல்லாத கில்ட்டில் சில மாதங்களில் மடிப்புகள் தொய்ந்து பின்பக்கம் கீழிறங்கும்.

ஸ்டீக் வரிசைக்கு மேலே, இடைவரை, மடிப்புகளின் உள்ளே மிஞ்சிய துணியை வெட்டி எடுத்துவிடுவது மரபு. பின்னால் மெத்தைபோல் புடைத்துக்கொண்டிருக்கும் கனம் இதனால் குறையும். பின்னாளில் உடல் பெருத்தால் பிரித்துத் தைக்கலாம் என்று வெட்டாமல் விடுபவர்கள் உண்டு. எட்டு கஜத் துணியில் வெட்டுவதே சரி என்பது என் கருத்து. ஸ்டீக் போட்ட பிறகே வெட்ட வேண்டும், தையலை ஒட்டி வெட்டாமல் போதிய இடம் விட்டு வெட்ட வேண்டும்.

பிறகு இடை மட்டத்தில், நீளாத உறுதியான பருத்திப் பட்டை ஒன்றை மடிப்புகளின் பின்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தையுங்கள். வாரை இழுத்துக் கட்டும்போது வரும் இழுவிசையை இந்தப் பட்டைதான் தாங்கும். அதன்மேல் இடையிலிருந்து பிட்டம்வரை கேன்வாஸ் வைத்து, மடிப்புகளின் உள்பகுதியோடு தளர்வாகத் தைக்க வேண்டும். ஏப்ரன்களுக்கும் கேன்வாஸ் தேவை.

பட்டை, வார், லைனிங்

மேல்விளிம்பில் மிஞ்சிய துணியை அளவு பார்த்து வெட்டி, அதே டார்ட்டனிலிருந்து எடுத்த ஒடுக்கமான பட்டையால் மூடித் தையுங்கள். ஏப்ரனின் முன்னால் பட்டையின் கோடுகள் ஏப்ரனின் கோடுகளோடு சேர்ந்தால் அழகு.

உள் ஏப்ரனின் முனையில் ஒரு வார் தைக்கப்படும். அது இடப்பக்கத்தில் ஏப்ரனுக்கும் முதல் மடிப்புக்கும் நடுவே விட்ட துளை வழியாக வெளியே வந்து, அங்குள்ள பக்கிளில் மாட்டும். மேல் ஏப்ரனின் முனையிலுள்ள வார்கள் வலப்பக்கத்துப் பக்கிள்களில் மாட்டும். இவற்றில் ஒன்று இடை மட்டத்திலும் மற்றொன்று பிட்டத்துக்கு அருகிலும் இருக்கும். வார்களையும் பக்கிள்களையும் உள்ளே உள்ள பட்டைவரை ஊசி ஊடுருவுமாறு தைக்க வேண்டும். மேல்துணியில் மட்டும் தைத்தால் கிழியும். கடைசியாக லைனிங். அதன் கீழ்விளிம்பை மடித்துத் தைத்து, கில்ட்டோடு சேர்க்காமல் தனியே தொங்க விடுங்கள். பக்கங்களில் சற்றுத் தளர்வும் விட்டால் உட்காரும்போது இழுக்காது.

இஸ்திரி போடும்போது ஈரமான பருத்தித் துணியை மேலே விரித்து, பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுத்து, அடுத்த இடத்தில் அழுத்துங்கள். ஒவ்வொரு பகுதியும் முழுதாக ஆறும்வரை துணியை நகர்த்தக் கூடாது. சூடும் ஈரமும் இருக்கும்போது அசைந்தால் கம்பளி அந்த அசைவையே மடிப்பாக எடுத்துக்கொள்ளும். பின்பக்கமும் இதேபோல் அழுத்திய பிறகே தற்காலிகத் தையல்களை வெட்டி எடுங்கள். உடுத்திப் பார்த்து, கரை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் பெரும்பாலும் பக்கிளை அரை அங்குலம் நகர்த்தினாலே போதும். கில்ட்டில் குத்தும் அலங்கார ஊசியை மேல் ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு ஏப்ரன்களையும் சேர்த்துக் குத்தினால் முதல் எட்டிலேயே துணி கிழியக்கூடும்.